இன்னொரு கோயில்

“பன்னெண்டாந்தேதின்னு நான்தான் தப்பா நெனச்சுக்கினு இருந்தேன்க்கா. அட்மிஷன் இன்னிக்காம். சாயந்தரம் ஆறு மணிக்குள்ள வரச் சொல்றாங்க.”

செல்போனைச் சட்டைப் பையில் போட்டபடி விமல் சொன்னதும், திருவள்ளூர் கோயில் குளத்துப் படியில் நின்றிருந்த சின்னப்பொண்ணுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரி சமாச்சாரம் முழுக்கத் தம்பியின் பொறுப்பு. கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் பகலெல்லாம் வேலை, மாலையில் டிப்ளமோ வகுப்பு. உப்பு, புளி வாங்குவதைக்கூட எழுதிவைத்துச் செய்கிறவன். அவனா தேதியைத் தப்பாக நினைப்பான்?

“பயமா இருக்காடா?”

“சேச்சே, இன்னா பயம்?” என்றான்.

ஆபரேஷனுக்கு முன்னால் சாமி கும்பிட்டுவிடலாம் என்று விடியற்காலையில் கிளம்பினார்கள். முதலில் சிறுவாபுரி முருகன். அப்புறம் பெரியபாளையத்து அம்மன். பிறகு இந்த வீரராகவர். ஒவ்வொரு கோயில் வாசலிலும் செருப்பை மாட்டும்போதே விமலுக்கு இன்னொரு கோயில் ஞாபகம் வந்துவிடுகிறது.

இந்தத் தேதி தவறினால் அடுத்தது எப்போது கிடைக்குமோ, அதுவரை உயிர் தாங்குமோ, டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

“வெல்லம் வாங்கிக்கோம்மா. குளத்துல கரைச்சா நோவும் கூடவே கரைஞ்சிடும்” என்றாள் கூடைக்காரி.

சின்னப்பொண்ணு இரண்டு கட்டி வாங்கினாள்.

“ரெண்டு எதுக்குக்கா? பெருமாளுக்குச் சுகர் ஏறிடப் போவுது.”

“வாயை மூடிக்கினு கரைடா.”

தண்ணீரில் கையை விட்டு, வெல்லம் கரையும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. தம்பிக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அவ்வளவுதான் வேண்டுதல்.

எழுந்தபோது விமல் மெதுவாக ஆரம்பித்தான். “அக்கா, திருவாலங்காடு இங்கேர்ந்து ரயில்ல கிட்டதான். காலைத் தூக்கி ஆடுற சாமி. ஒரு எட்டு பாத்துட்டு...”

“டேய், ஊர்ல இருக்கிற சாமியை எல்லாம் பாத்து முடிச்சாத்தான் வருவியா? மணி மூணு ஆவுது!” அவளுக்கு மூச்சு வாங்கியது. “வரலேன்னா வரலேன்னு சொல்லிடு. கடைசி நிமிஷத்துலகூட வேணாம்னு சொல்லலாம்னு டாக்டரே சொல்லியிருக்காரு. நான் கோச்சுக்க மாட்டேன்.”

விமல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “மயக்க ஊசி போட்டா, திரும்ப முழிச்சுக்குவேனாக்கா?”

“ஃபர்னஸ் பக்கத்துல நின்னுக்கினு வேலை செய்றவனுக்கு ஊசின்னா பயமா?”

“ஃபர்னஸ் வெளியேர்ந்துதான் சுடுது. இவங்க உள்ள கையை வுடுறாங்களே!”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ரயில் நிலையத்தில் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, “டிக்கெட் வாங்கியாறேன்” என்று போனான்.

போனவன் வரவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் அரக்கோணம் வண்டி வந்து நின்றது. திருவாலங்காட்டுக்குப் போகிற வண்டி. ஏறுகிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கூட்டம் மறைத்தது. வண்டி கிளம்பிப் போயே போய்விட்டது.

போனை எடுத்தாள். அவன் பெயர்வரை வந்த விரல் நின்றுவிட்டது. கூப்பிட்டால் வருவான். அழுதுகொண்டாவது வருவான். அப்படி வர வேண்டாம். போனை முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த வண்டியில் வீட்டுக்குத் திரும்புவது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினாள்.

“கவுண்டர்ல ஒரே கூட்டம்க்கா. முன்னாடி நின்ன ஆளு சில்லறைக்குச் சண்டை போட்டுக்கினு கெடக்கிறான்.”

நிமிர்ந்தாள். விமல் வியர்வை வழிய நின்றிருந்தான். கையில் இரண்டு டிக்கெட்.

“எங்கேடா?”

“சென்ட்ரலுக்குத்தான். வேற எங்க?”

“திருவாலங்காடு?”

“அந்தச் சாமி எங்க போயிடப் போறாரு? எல்லாம் முடிஞ்சதும் ரெண்டு பேருமா போயிப் பாக்கலாம்.”

சென்னை வண்டி வந்தது. விமல் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்தான். நாளைக் காலை ஏழு மணிக்கு அவனுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து, அக்காவுக்கு வைக்கிறார்கள்.