கண்மூடிய நேரம்

புதுப்பட்டினத்துத் தேவாலயத்தை ஒட்டிய பாலர் வகுப்பில் சாப்பாட்டு மணி அடித்து ஓய்கிறது. மீன்காரர் வீட்டுப் பிள்ளை தேவிப்பிரியாவின் கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. "இவகிட்ட கவுச்சி நாத்தம் அடிக்குது மிஸ்" என்று முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜோயல் சொன்னதற்கு வகுப்பே சிரித்துவிட்டது. "அவன்தான் சாரி சொல்லிட்டான்ல? இயேசப்பா மாதிரி நீயும் மன்னிச்சிடணும், கண்ணு" என்கிறார் மேரி மிஸ். "மன்னிச்சிட்டேன் மிஸ்" என்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஜெபத்துக்காக, ஜன்னல் வெயிலில் குட்டி இமைகளெல்லாம் இறுக மூடுகின்றன, மிஸ்ஸின் இமைகளும். தேவிப்பிரியா மட்டும் மூடவில்லை. டப்பாவைச் சத்தமில்லாமல் திறந்து, மீன் குழம்பில் ஐந்து விரல்களையும் முக்கி, ஜோயலின் வெள்ளைச் சட்டையில் காலர் முதல் இடுப்பு வரை நிதானமாக இழுக்கிறாள். அவன் நெளிகிறான், ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் பாவம் என்று படித்திருப்பதால் திறக்கவில்லை. மிஸ் முடிக்கிறார். எல்லாரையும்விட உரக்கச் சொல்கிறாள் அவள்: "ஆமென்!"