கறுப்பு நல்லா விழணும்

"விலை கம்மியா இருக்கணும். ஆனா கறுப்பு நல்லா விழணும்" என்ற ராலிட்சா, கண்ணாடிக் கதவு வழியே மறுபடியும் தெருவைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப இதை எடுத்துக்கங்கம்மா. பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூணும் ஒண்ணுலயே" என்றார் கடைக்காரர் அங்கெல்.

"போட்டோ தெளிவா வருமா? மழையில மை கரையாதே?"

அவருக்குப் புரிந்துவிட்டது. பர்காஸ் நகரில் எந்த வாசல் கதவைப் பார்த்தாலும், இறந்தவர் படத்தோடு கறுப்புக் கட்டம் போட்ட அஞ்சலித் தாள்தான்.

"பத்துத் தாளுக்கு எதுக்கும்மா மெஷினு? எதிர்க்கடையில போட்டோவைக் குடுத்தா..."

"வேணாம்! போட்டோவை யாரும் பாக்கக் கூடாது."

அவள் குரல் நடுங்கியது. துக்கம் என்று நினைத்தார்.

"இறந்தது யாரும்மா?"

"ரொம்ப வேண்டியவ."

கேட்காமலே விலையைக் குறைத்துக் கொடுத்தார்.

வாடகை அறைக்கு வந்ததும் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். மெஷின் உறுமியபோதெல்லாம் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். தட்டில் முதல் தாள் வந்து விழுந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் ராலிட்சாவே சிரித்துக்கொண்டிருந்தாள்.

தூரத்து ஊரான விதினில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"பென்கா, பஸ் டிரைவர்கிட்ட தாளைக் குடுத்து விடுறேன். முதல் தாளை என் புருஷன் கதவுலயே ஒட்டு."

"நம்புவானாக்கா? உன்னைத் தேடி நேத்தும் இங்க வந்து கத்தியைக் காட்டிட்டுப் போனான்."

"ஒட்டும்போது நல்லா அழு. செத்தவளைத் தேடி எவனும் கத்தியோட அலைய மாட்டான்."