ஏழும் நாற்பதும்

பனிச்சறுக்கு மலையில், சறுக்க வருபவர்களை உச்சிக்கு ஏற்றிச் செல்லும் ஒரே கம்பிவடத்தில் மற்ற நாற்காலிகளோடு தொங்கின இரண்டு நாற்காலிகள். ஏழாம் நாற்காலி ஏறும்போது நாற்பதாம் நாற்காலி இறங்கும். நாற்பது ஏறும்போது ஏழு இறங்கும். நடுவழியில் கடக்கையில் ஆளுக்கு ஒரு வாக்கியம் பேச நேரம் இருக்கும்.

“என்னப்பா, இன்னைக்கும் காலியா இறங்குறே?” என்று கேட்கும் ஏறுகிற நாற்காலி.

“மேலே கொண்டுபோய் விட்டா சறுக்கிட்டே இறங்கிடுறாங்க, நன்றி கெட்டவங்க.”

ஒருநாள் நாற்பது சொன்னது: “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஆனா அது இந்த நேரத்துல அடங்காது.”

கூட்டம் பெருகியது. புதிய சரிவுகளை வெட்டினார்கள். வடத்தை வேகமாக இழுக்கப் பெரிய மோட்டார் பொருத்துவதற்காக மூன்று நாள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். வடம் நின்றபோது ஏழும் நாற்பதும் எதிரெதிரே இருந்தன.

“இப்போ சொல்லேன்,” என்றது ஏழு.

“சொல்றேன். மூணு நாள் இருக்கே, கொஞ்சம் சும்மா இருப்போம்.”

பனி பெய்தது. இரண்டின் மடியிலும் ஒரே அளவு சேர்ந்தது. மேகம் வந்து மூடியது, பிறகு விலகியது. எத்தனை நாள் போயிற்று என்று இரண்டுக்கும் தெரியவில்லை.

நாற்பது பேச வாயெடுத்தபோது வடம் இழுத்துக்கொண்டது.

இப்போது கடக்கையில் ஒரு சொல்லுக்குத்தான் நேரம். நாற்பது முதல் சொல்லைச் சொல்லிவிட்டது. அடுத்த சொல்லுக்காக ஏழு மேலே போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது.