கூட வந்தவர்

"பொடி எதுவா இருந்தாலும் பாலித்தீன் கவர்ல முடிஞ்சு கொண்டு வராதீங்க. பல்பொடி, சலவைப் பொடி, முகத்துக்குப் போடுற பவுடர், எதுவா இருந்தாலும் சரி. டப்பாவோட, லேபிளோட வரணும். நமக்குத்தான் அது பவுடர். அங்க சோதனை பண்றவனுக்கு அது வேற!"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அடுத்த மாதம் விமானம் ஏறப்போகும் இருபத்திரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் முதல் வெளிநாடு. டிராவல்ஸ் நடத்தும் அவள், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இப்படி எல்லோரையும் வரவழைத்துப் பாடம் எடுப்பாள். கூடவே போய்ச் சுற்றிக்காட்டிவிட்டு வருவது அவள் கணவரின் வேலை. அவர் பின்வரிசையில் உட்கார்ந்து, பெட்டிகளில் அடையாளத்துக்குக் கட்டும் சிவப்பு ரிப்பனை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓட்டல்ல காலைச் சாப்பாடு எவ்வளவு வேணாலும் சாப்பிடலாமாமே?" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"வயிறு கொள்ற வரைக்கும் சாப்பிடுங்க அண்ணே. பை கொள்ற வரைக்கும் வேண்டாம்."

"காதுல விழுந்துச்சா?" என்று கடைக்காரரின் மனைவி அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். மறுபடி சிரிப்பு.

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஒவ்வொரு முறையும் இந்த இடத்துக்கு வந்ததும் அவள் தயங்கிவிடுவாள். இந்தத் தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்புவாள். பாதியில் மென்று விழுங்கிவிடுவாள். ஆறு வருஷமாக இதே கதைதான்.

"கடைசியா ஒண்ணு. சோதனையில யாரையாவது நிறுத்தினா, கூட வந்தவங்க நகரக் கூடாது. பக்கத்துலயே நிக்கணும்."

"இதையெல்லாமா சொல்லணும்? கூட்டிட்டு வந்த ஆளை யாராவது விட்டுட்டுப் போவாங்களா?" முன்வரிசையிலிருந்து கேட்டார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

"போயிருக்காங்க டீச்சர். ஒரு புருஷன் பொண்டாட்டி. முதல் தடவை வெளிநாடு. ஒருத்தர் பெட்டியில கவர்ல முடிஞ்ச பவுடர். மேசை மேல எல்லாத்தையும் கொட்டிட்டாங்க, உள்ளாடை முதற்கொண்டு. வரிசையில நிக்கற அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கறாங்க. 'உங்க கூட யார் வந்திருக்காங்க?'ன்னு அதிகாரி கேட்கறார். கூட வந்தவங்களைக் கை காட்டினா, 'யாருன்னே தெரியாது'ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வெளியில போயிட்டாங்க."

"அடப்பாவி! கட்டின பொண்டாட்டியை நட்டாத்துல விட்டுட்டுப் போயிருக்கானே! அவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார் டீச்சர்.

அவள் வாயைத் திறந்தாள். வெட்கமாக இருந்தது. மூடிக்கொண்டாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒரு ரூம்ல நாலு மணி நேரம் உட்கார வெச்சாங்க. வெறும் பவுடர்தான்னு தெரிஞ்சதும் விட்டுட்டாங்க." சொல்லும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சேலைத் தலைப்பால் துடைப்பதற்குள் டீச்சர் பார்த்துவிட்டார்.

"மேடம்... அது நீங்களா?"

"நாங்கதான்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

இருபத்திரண்டு தலைகளும் ஒன்றாகப் பின்னால் திரும்பின. அவர் கையிலிருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"நல்லா இருக்கு சார் நீங்க பண்ணின காரியம்!" என்றார் கடைக்காரர். "இவரை நம்பியா நாங்க வரப்போறோம்? நாளைக்கு எங்க பெட்டியைத் திறந்தா, எங்களையும் யாருன்னே தெரியாதும்பாரு!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஓர் அம்மாள் 'த்சொ' கொட்டினார். இன்னொருவர் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுத்தார்.

"இல்லீங்க... அவரு வந்து..." என்று ஆரம்பித்தாள் அவள். அதற்குள் முன்வரிசை முழுவதும் அவளையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் அவளுக்கு உடம்பே கூசியது.

அவர் எழுந்து நின்றார்.

"தப்புதாங்க. இத்தனை பேர் பார்க்கறாங்களேன்னு பயம், வெட்கம். அந்த நேரத்துல மனுஷனுக்கு மூளை வேலை செய்யறதில்லை. அதுக்காக ஆளே கெட்ட ஆளுன்னு ஆயிடாது." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்கு என் கூட வர மனசில்லைன்னா பரவாயில்லை. என் டிக்கெட் இன்னும் போடலை. இவங்களே உங்களைக் கூட்டிட்டுப் போகட்டும்."

"செய்யறதையும் செஞ்சுட்டு, நியாயம் வேற பேசறாரு பாருங்க!" என்றார் கடைக்காரரின் மனைவி.

அந்த விஷயத்தைப் பற்றி இந்த ஆறு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இப்போதும் அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

டீச்சர் எழுந்துவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே வாங்கம்மா. அந்த வலி என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்கன்னா எங்க யாரையும் பாதியில விட்டுட்டுப் போகமாட்டீங்க."

அவள் மெல்லத் தலையாட்டினாள்.

அன்றைக்கு அந்த அறையில் நாலு மணி நேரம் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த அவர், பயணிகள் பட்டியலை எடுத்துத் தன் பெயரை அடித்துவிட்டு, 'இவர் யாரென்றே தெரியாது' என்று சொல்லிவிட்டுப் போன மனைவியின் பெயரை எழுதினார்.