உண்மை விளம்பி

"'இது மீன் கறித் தூளா, இல்ல பாலத்துக்கு அடிக்கிற சாயமா? வெக்கமா இல்ல உனக்கு?' அப்படின்னு எழுதியிருக்காரு நம்ம உண்மை விளம்பி சார்" என்று குமுதா சத்தமாகப் படித்தாள்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையிலிருந்து அவள் நேரலையில் மசாலைத் தூள் விற்றுக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் அரைநாள் வேலை முடித்த அவள் கணவன் குணாளன், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை வாசலில் நின்று, கைப்பேசியில் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

பெயரைக்கூட மறைத்துக்கொண்டு ஒருவன் பெண்டாட்டியை ஊரறியத் திட்டினால் எந்தப் புருஷன் பொறுப்பான்? அதுவும் ஒரு நாளா, இரண்டு நாளா? அவள் நேரலையைத் தொடங்கினால் போதும், இந்த முகமில்லாத மனிதனும் வந்து குந்திக்கொள்கிறான்.

தூளின் அருமை பெருமைகளை அவள் நயமாக எடுத்துச் சொன்ன காலத்தில் எட்டிப் பார்க்க நாதியில்லை. இவன் திட்டத் தொடங்கியதும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. நம் சனங்களின் லட்சணம் அப்படி.

"அந்த நாய பிளாக் பண்ணித் தொலை" என்று குணாளன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். குமுதா கேட்கவில்லை. திட்டை அழிக்காதே, சத்தமாகப் படி, சிரித்துக்கொண்டே பதில் சொல் என்று ஆன்லைன் வியாபார வகுப்பு நடத்தும் ஹரிசங்கர் சார் சொல்லியிருக்கிறாராம். சார் சொன்னால் வேதவாக்கு, புருஷன் சொன்னால் காற்றோடு போச்சு.

இன்றும் அவள் சிரித்தாள். மேசையில் தயாராக இருந்த கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டித் தூளைப் போட்டு, குவளையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். "நல்லா பாத்துக்குங்க. சாயம் கலந்திருந்தா போட்ட ஒடனே செவப்பா கோடு கோடா எறங்கும். இதுல எறங்குதா?"

'எனக்கு ஒன்னு', 'எனக்கு ரெண்டு' என்று கீழே வரிசையாக ஓடியது. குணாளன் கண்ணில் அதெல்லாம் படவில்லை. அந்த 'வெக்கமா இல்ல உனக்கு' மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது.

கடைக்குள் நுழைந்தான். கடைசி மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு சிவநேசன் உட்கார்ந்திருந்தான். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன், பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. குமுதாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் மகளுக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவன் இவன்தான். குணாளனே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தான்.

இவனிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று பின்னாலிருந்து தோளைத் தொடப் போனான். சிவநேசனின் கைப்பேசியிலும் குமுதா தெரிந்தாள். அவள் முகத்துக்குக் கீழே சிவநேசனின் கட்டைவிரல் தட்டிக்கொண்டிருந்தது. 'தண்ணியில வித்தை காட்டி யாரை ஏமாத்தப் பாக்குற?'

அனுப்பிவிட்டான். அடுத்த கணம் குணாளன் கையிலிருந்த குமுதா, "உண்மை விளம்பி சார் மறுபடியும் வந்துட்டாரு" என்று படிக்கத் தொடங்கினாள்.

குணாளன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். அவன் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் தேநீர் மேசையெல்லாம் கொட்டியது.

"நீயாடா? எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டுக்கிட்டு, நீயாடா இதெல்லாம் எழுதுற?"

சிவநேசன் வாயைத் திறந்தான். பிறகு என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

"சொல்லித் தொலைடா. அவ உனக்கு என்னா துரோகம் பண்ணா?"

"ஒன்னும் பண்ணல" என்றான் சிவநேசன், தரையைப் பார்த்தபடி.

அந்தப் பதில்தான் குணாளனை வெறியாக்கியது. கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். சிவநேசன் தடுக்கக்கூட இல்லை.

கடைக்காரர் அப்துல் அஜீஸ் ஓடி வந்து நடுவில் நின்றார். "தம்பி, கடைக்குள்ள வேணாம்லா. ஆளுங்க சாப்பிடுறாங்க."

"எம் பிள்ளை இவன் மடியில உக்கார மாட்டா, பாய். வெள்ளிக்கிழமை கோயில் பக்கம் இவன் தலை தெரியக் கூடாது. சொல்லி வைங்க." குணாளன் வெளியேறினான்.

வீட்டுக்கு வந்தபோது குமுதா பொட்டலங்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஏங்க, இன்னிக்கு அரைச்சதெல்லாம் முடிஞ்சு போச்சு."

"இனிமே உன்னை எவனும் திட்ட மாட்டான். அந்த விளம்பியக் கையும் களவுமா புடிச்சிட்டேன். யாருன்னு நெனைக்கிற? நம்ம சிவநேசன்."

அவள் கை அப்படியே நின்றது.

"கடையில வச்சே ஒரு அறை. காது குத்துக்கும் வராதன்னுட்டேன். இனி அவனுக்கும் நமக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

அவள் அழுவாள், நல்ல வேலை செய்தீர்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் குணாளன் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அவளோ கையிலிருந்த பொட்டலத்தைத் தரையில் அடித்தாள். தூள் சிதறியது.

"அடிச்சீங்களா? அண்ணன் ஒன்னுமே சொல்லலியா?"

"என்னா சொல்லுவான்? வாயே தெறக்கல. தெறக்க அவனுக்கு மூஞ்சி ஏது?"

இப்படி ஒரு கோபத்தை அவளிடம் குணாளன் பார்த்ததே இல்லை.

"பாவி மனுஷா, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு, என்னைத் திட்டச் சொன்னதே நான்தான்."