திருடனுக்குத் தெரியாத தேதி

"தப்பா? என் கல்யாண நாள் தப்பா?"

அந்தக் குரலுக்கு, பக்கத்து டயர் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தவரே வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"நான் சொல்லலை மேடம். செட்டு சொல்லுது" என்றார் கார் எலக்ட்ரீஷியன்.

விஷயம் இதுதான். பேட்டரி மாற்ற வந்த கார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியதும் ஸ்டீரியோ பாட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. திருட்டுப் பூட்டு. ஒரு தடவை மின்சாரம் அறுந்தால் போதும், தன்னை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று அதற்கு நினைப்பு. நாலு இலக்க நம்பரைச் சொன்னால்தான் வாயைத் திறக்கும்.

நம்பரை மேடம் பெருமையாகத்தான் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் எங்க கல்யாண நாளையே நம்பரா வச்சிருக்கார். 'திருடனுக்கு எது தெரிஞ்சாலும் இது தெரியாது'ன்னு சொல்வார். ரெண்டு, நாலு, சைபர், ஆறு."

சொன்னது எலக்ட்ரீஷியனிடம், பார்த்தது கூட வந்திருந்த நாத்தனாரை. நாத்தனார் வீட்டுக்காரர் இப்படியெல்லாம் எதையும் வைத்ததில்லை போலிருக்கிறது. முகம் சுருங்கிவிட்டது.

எலக்ட்ரீஷியன் அழுத்தினார். தப்பு.

மேடமே அழுத்தினார். அதுவும் தப்பு.

"இன்னும் ஒரு தடவைதான் மேடம். மூணாவதும் தப்பாச்சுன்னா ஒரு மணி நேரம் தொடவே விடாது."

சுருங்கியிருந்த நாத்தனார் முகம் இப்போது நன்றாக மலர்ந்துவிட்டது.

"அண்ணி, ஒருவேளை வேற ஏதாவது நாளா இருக்குமோ?"

"வேற என்ன நாளு?"

"எனக்கென்ன தெரியும்? எங்கண்ணன் காலேஜ்ல படிக்கிறப்ப..."

"படிக்கிறப்ப?"

"ஒண்ணுமில்லை அண்ணி. சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மேடம் புருஷனுக்கு ஃபோன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும். பிறகு ஃபோன் அணைத்தே வைக்கப்பட்டுவிட்டது.

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது தடவை அழுத்த விரலை நீட்டினார்.

எலக்ட்ரீஷியன் சட்டென்று செட்டின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"நில்லுங்க மேடம். உங்க நம்பர் சரிதான். தப்பு என்னோடது. பேட்டரி மாட்டுறப்ப வயரை மாத்தி வச்சுட்டேன். உள்ள இருந்த நம்பர் குழம்பிப்போச்சு."

மேடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நேராக நாக்குக்குத்தான் போயிற்று.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? வேலை தெரியாம எதுக்குய்யா கடை வச்சிருக்கீங்க? ஒரு நிமிஷத்துல குடும்பத்தையே ரெண்டாக்கப் பாத்தீங்களே!"

"மன்னிச்சுக்கோங்க மேடம். செட்டைப் பிரிச்சு ரெண்டு மணி நேரத்துல சரி பண்ணித் தரேன்."

"இவரை எல்லாம் சும்மா விடக்கூடாது அண்ணி. நம்ம குடியிருப்பு வாட்ஸ்அப் குழுல போடுங்க" என்றார் நாத்தனார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கோபம் அவருக்கு.

இரண்டு மணி நேரம் கழித்து மேடம் அழுத்தினார். ரெண்டு, நாலு, சைபர், ஆறு.

பாட்டு பட்டறையே அதிரும்படி கிளம்பியது. மேடம் சத்தத்தைக் குறைக்கவே இல்லை. நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

ஆனால் குழுவில் போட மறக்கவில்லை. 'வளைவில் இருக்கும் கார் பட்டறைக்கு யாரும் போக வேண்டாம். ஆளுக்கு வேலை தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் ஆசையாகக் கல்யாண நாளை வைத்திருந்த ஸ்டீரியோவையே கெடுக்கப் பார்த்தார்.' குடியிருப்பில் பாதிப் பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கினார்கள். மறுநாள் வருவதாக இருந்த இரண்டு கார்கள் வரவில்லை.

வந்தது மேடத்தின் வீட்டுக்காரர்தான். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். பர்ஸிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார்.

"என்னப்பா மாயம் பண்ணினே? கம்பெனியில போட்டுக் குடுத்த நம்பர் இதோ இதுல இருக்கு. மூணு வருஷமா இதேதான். ஒரு கல்யாண நாளுக்குப் பரிசு வாங்க மறந்துட்டேன். செட்டுக்கு அந்த நாளைத்தான் நம்பரா வச்சிருக்கேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிச்சேன். நேத்து மீட்டிங் முடிஞ்சு குழுவைப் பாத்தா, எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு."

"உள்ள இருக்கற சிப்புல பழைய நம்பரை அழிச்சிட்டு, மேடம் சொன்னதை எழுதிட்டேன் சார்."

"அப்ப வயரு?"

"வயரெல்லாம் ஒழுங்காத்தான் மாட்டினேன். மேடம் கண்ணு கலங்கிடுச்சு. பாத்துட்டு நிக்க முடியலை."

அவர் எலக்ட்ரீஷியனின் கிரீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என் குடும்பத்துக்காக உன் பேரைக் கெடுத்துக்கிட்டியேப்பா. நான் குழுல உண்மையைச் சொல்லலாம்னா..."

"வேண்டாம் சார். வாடிக்கை போனா வரும். மொதல்ல அந்த அட்டையைக் கிழிச்சுப் போடுங்க. இனி அது வேலை செய்யாது."

அந்த நிமிஷமே அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"புது நம்பரைச் சொல்லு, குறிச்சுக்கறேன்."

"அதான் சார், உங்க கல்யாண நாள்."

"அது சரி" என்றார் அவர், பேனாவைத் திறந்து உள்ளங்கையில் வைத்தபடி. "அது என்னைக்கு?"