ஹார்ம்வுட்டின் கையெழுத்து

"கண்ண மூடுங்க டோரீன். நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது, ஆமா."

டோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். எழுபது வயதில் பிறந்தநாள் குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்பது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றாள். இந்த ஒரு நாளுக்காக அவள் எதற்கும் தயார்.

டொலிடோவில் மாதா மாதம் முதல் சனிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் பேஸ்பால் பட அட்டைச் சந்தை கூடும். மடக்கு மேசைகள், மேசைமேல் நீள நீளப் பெட்டிகள், பெட்டி நிறைய ஆட்டக்காரர்களின் முகங்கள். எல்லோரும் பெரிய பெயர்களுக்காக முட்டி மோதுவார்கள். டோரீன் மட்டும் டெல் ஹார்ம்வுட் இருக்கிறானா என்று கேட்பாள்.

ஹார்ம்வுட் என்றால் அங்கேயே பாதிப் பேர் விழிப்பார்கள். மேல்மட்டத்தில் கொஞ்ச காலம் பந்து வீசினான். வீசியதெல்லாம் அடி வாங்கியது. பிறகு கொலம்பஸில் கார் விற்கப் போய்விட்டான்.

அங்கே அட்டை விற்கும் மோர்ட்டுக்கு அவளைக் கண்டாலே வாய் சும்மா இருக்காது.

"வந்துட்டாங்கய்யா, ஹார்ம்வுட்டோட ஒரே ரசிகை! அவன் பொண்டாட்டிகூட அவன் படத்த இவ்ளோ சேத்து வெச்சிருக்க மாட்டா."

டோரீன் சிரித்து வைப்பாள். மீசை வைத்த ஹார்ம்வுட், மீசை எடுத்த ஹார்ம்வுட், தொப்பை விழுந்த ஹார்ம்வுட், எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

உண்மையில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஹார்ம்வுட் மேல்மட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அயோவாவில் ஒரு குட்டி அணியில் ஆடினான். அந்த அணி மைதான வாசலில் வைத்து விற்ற அட்டை அது. விற்க ஆரம்பித்த வேகத்திலேயே நிறுத்தி, மிச்சத்தைக் கிழித்துப்போட்டு, வேறு அச்சடித்துவிட்டார்கள். வெளியே போனது ஒரு கைப்பிடிகூட இருக்காது. அது மட்டும் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் எதுவும் கேட்க மாட்டேன் என்று இதே தேவாலயத்தில் மண்டியிட்டு வேண்டியிருக்கிறாள்.

போன மாதம் அது மோர்ட்டுக்குப் பக்கத்து மேசையில் விற்கும் லெனியின் கைக்கு வந்து சேர்ந்தது. செத்துப்போன யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடந்ததாம். லெனி போனில் சொன்னதும் டோரீன் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"இப்ப தொறங்க!"

திறந்தாள்.

மூலைக்கு மூலை திருகு வைத்து முறுக்கிய கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் அட்டை இருந்தது. கோடு போட்ட சீருடை. நெஞ்சோடு அணைத்த கையுறை. அதற்கு மேலே தடித்த நீல மையில், குறுக்கே, டெல் ஹார்ம்வுட் என்று ஒரு கையெழுத்து.

முகத்தின் மேலேயே.

"கொலம்பஸ் வரைக்கும் காரெடுத்துட்டுப் போனேன், தெரியுமா? அந்தாளு கடைக்கே போயி வாங்கினது. எத்தன வருஷமாத் தேடறீங்க, சும்மா எடுத்து நீட்டினா நல்லாவா இருக்கும்?"

வேறு எவராக இருந்தாலும் லெனியைத் தூக்கிச் சுற்றியிருப்பார்கள். கையெழுத்து முகத்தில் பளிச்சென்று விழ வேண்டும், ஓரத்தில் ஒதுங்கினால் அட்டைக்காரர்களுக்குப் பிடிக்காது. லெனி பார்த்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறான். பாவி, அவ்வளவு நல்லவன்.

டோரீன் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கண் இரண்டும் முதல் எழுத்துக்கு அடியில் போயிருந்தன. வாயின் ஒரு ஓரம் மட்டும் தப்பியிருந்தது.

"இது அழியுமா, லெனி?"

"அழியறதா! பழைய அட்ட, மைய அப்படியே குடிச்சிருச்சு பாருங்க. நம்ம காலத்துக்கும் போகாது, கவலையே படாதீங்க."

அவன் குனிந்து, ரகசியம் சொல்கிறவனைப் போலச் சிரித்தான்.

"ஒரு வேடிக்கை கேளுங்க. அட்டையப் பாத்ததும் அந்தாளு சிரிச்சுட்டாரு. 'இது நான் இல்லப்பா, படத்த மாத்திப் போட்டுட்டானுங்க, அதுக்குத்தான் கிழிச்சானுங்க'ன்னாரு. கொஞ்ச நாள் கூட ஆடிட்டு, தேற மாட்டான்னு தொரத்திவிட்ட எவனோ ஒரு பையனாம். பேருகூட ஞாபகம் இல்லயாம். 'மூஞ்சி எவனுதா இருந்தா என்ன சார், பேரு உங்களுதுதானே, எங்க டோரீனுக்காக அந்த மூஞ்சி மேலயே பெருசாப் போடுங்க'ன்னேன். போட்டுட்டாரு!"

அவன் பேர் ஜெரோம், என் பிள்ளை என்று டோரீனுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். பையன் இப்போது எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று கேட்பார்கள். இத்தனை வருடமும் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் ஹார்ம்வுட்டின் ரசிகையாக இருந்தாள்.

அந்தச் சீருடையில் ஜெரோமை எடுத்த படம் வேறு கிடையாது. அணி அவனை பஸ் ஏற்றி அனுப்பியபோது சட்டைப்பையில் ஒரு அட்டையோடு வந்திறங்கினான். எவ்வளவு அழகாயிருக்கிறாய் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்து பிடுங்கினான். "என் மூஞ்சிக்குக் கீழ அவன் பேரும்மா" என்று சொல்லிவிட்டுக் கணப்படுப்பில் போட்டான். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவனும் போய்விட்டான். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான்.

"என்ன டோரீன், பிடிச்சிருக்கா?"

லெனியின் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்தவனின் முகம் மாதிரி இருந்தது.

"ரொம்பப் பிடிச்சிருக்குப்பா" என்று அவனைக் கட்டிக்கொண்டாள். அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை.

"பாருங்கய்யா, சந்தோஷத்துல அழறாங்க!" என்று மோர்ட் கைதட்ட ஆரம்பித்தார். கூடமே எழுந்து நின்று தட்டியது.